காரை விற்க வேண்டாம், முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

பெட்ரோல் காரைக் குறைத்துக்கொள்ளலாம் என்று வீட்டில் பேச்சு வந்தால், அடுத்த கேள்வி பெரும்பாலும் "அப்போ எலக்ட்ரிக் கார் வாங்கிடலாமா?" என்பதுதான். எங்கள் வீட்டிலும் அங்கேதான் தொடங்கியது. ஷோரூம் வரை போய், விலை கேட்டு, மாதத் தவணை கணக்குப் போட்ட காகிதத்தோடு திரும்பி வந்தோம். அன்று இரவு அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது என் மகள் கேட்டாள்: "நாம ஒரு வாரத்துல எத்தன தடவ கார் எடுக்கறோம்மா?" எனக்கும் தெரியவில்லை, வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை.

நாங்கள் சென்னை வேளச்சேரியில் இருக்கிறோம். நான், வீட்டுக்காரர், அத்தை, எட்டாவது படிக்கும் மகள், மூன்றாவது படிக்கும் மகன். எல்லாரும் கார் பயணத்துக்குப் பழகிப்போயிருந்தோம். அதை ஒவ்வொரு பயணமாகக் குறைத்தபோது கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். நீங்கள் வேறு ஊரில் இருந்தால் பேருந்து, ரயில் பெயர்கள் மாறும். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். பெரிய செலவு கடைசியில்தான் வர வேண்டும்.

முதல் வேலை: இரண்டு வாரம் எழுதுங்கள்

ஒரு 40 பக்க நோட்டு வாங்கி, கார்ச் சாவி தொங்கும் ஆணிக்குப் பக்கத்திலேயே பேனாவோடு கட்டித் தொங்கவிடுங்கள். யார் காரை எடுத்தாலும் திரும்பி வந்ததும் நான்கு விஷயம் எழுத வேண்டும்: எங்கே போனோம், எத்தனை பேர், எத்தனை கிலோமீட்டர், ஏன் கார். அந்த நான்காவதுதான் முக்கியம். "வெயில்", "நேரமாயிடுச்சு", "அரிசி மூட்டை", "அத்தைக்கு முட்டிவலி", "சும்மா" என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். இந்த இரண்டு வாரத்தில் எதையும் மாற்ற வேண்டாம். யாரையும் கேள்வி கேட்கவும் வேண்டாம், கேட்டால் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள்.

எங்கள் நோட்டில் பாதிக்கு மேற்பட்ட பயணங்கள் 3 கிலோமீட்டருக்கு உட்பட்டவை. பள்ளி, மளிகை, டியூஷன், மருந்துக்கடை. காரணம் என்ற இடத்தில் மகன் எழுதியிருந்தது: "கார் வெளியே இருந்தது."

இந்தச் சின்னப் பயணங்கள்தான் வண்டிக்கும் காற்றுக்கும் கெடுதல் கூடியவை. இன்ஜின் சூடேறும் வரை வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பெட்ரோல் குடிக்கும். புகையிலுள்ள நச்சைக் குறைக்க சைலன்சர் பாதையில் ஒரு கருவி இருக்கிறது. அதுவும் நன்றாகச் சூடானால்தான் வேலை செய்யும். இரண்டு கிலோமீட்டரில் வண்டியை நிறுத்திவிட்டால், அது வேலையைத் தொடங்கும் நேரத்தில் நாம் இறங்கிவிடுகிறோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. ஒரு கிலோ எடைகூட இல்லாத பெட்ரோலிலிருந்து 2 கிலோவுக்கு மேல் எப்படி வரும் என்று மகள் கேட்டாள். பெட்ரோலிலுள்ள கரி, காற்றிலுள்ள ஆக்சிஜனையும் சேர்த்துக்கொள்கிறது. அதுதான் அந்தக் கூடுதல் எடை.

அந்த இரண்டு வாரத்துக்குள் பணக் கணக்கையும் போட்டுவிடுங்கள். பெட்ரோல் செலவு மட்டும்தான் கார்ச் செலவு என்று நினைக்கிறோம். ஓர் உதாரணம் பாருங்கள். 8 லட்சத்துக்கு வாங்கிய கார், 8 வருடம் கழித்து 2.5 லட்சத்துக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். விலை இறங்கியது மட்டும் மாதம் 5,700 ரூபாய்க்கு மேல். காப்பீடு வருடம் 18,000 என்றால் மாதம் 1,500. சர்வீஸ் வருடம் 10,000 என்றால் மாதம் 800 சொச்சம். மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டினால், லிட்டருக்கு 14 கிலோமீட்டர் வீதம் 43 லிட்டர், அதாவது 4,300 ரூபாய். மொத்தம் 12,000 ரூபாய்க்கு மேல். உங்கள் காரின் எண்களைப் போட்டுப் பாருங்கள். பின்னால் ஆட்டோ பற்றிச் சொல்லும்போது இந்த எண் தேவைப்படும்.

இரண்டு கிலோமீட்டருக்குள்: காலும் சைக்கிளும்

மூன்றாவது வாரத்தில் ஒரே ஒரு பயணத்தைத் தேர்ந்தெடுங்கள். நோட்டில் அடிக்கடி வருவது, தூரம் குறைந்தது, யாருக்கும் அவசரமில்லாதது. எங்களுக்கு அது காய்கறி. வாரம் ஒருமுறை காரில் போய் இரண்டு பை நிறைய அள்ளிவந்து, பாதிக் கீரையை வாடவிட்டுக் கொட்டுவது வழக்கமாக இருந்தது. இப்போது இரண்டு நாளுக்கு ஒருமுறை, காலை ஏழு மணிக்கு முன்னால் நடந்து போகிறோம். கனமான சாமான்களை, அரிசி, எண்ணெய், பருப்பு போன்றவற்றை, மாதம் ஒருமுறை தெருமுனை அண்ணாச்சி கடையில் சீட்டுக் கொடுத்தால் வீட்டுக்கே அனுப்பிவிடுகிறார். இந்த வசதி முன்பும் இருந்தது. கார் இருந்ததால் கேட்கத் தோன்றவில்லை.

சென்னையில் நடப்பதற்கு இரண்டு எதிரிகள்: வெயிலும் நடைபாதையும். வெயிலுக்குக் குடை போதும். ஆண்கள் குடை பிடிக்கக் கூச்சப்படுவதை விட்டுவிட வேண்டும். நடைபாதைக்கு ஒரு வழி, பெரிய சாலையை விட்டு உள்தெருக்கள் வழியாகப் போவது. 100 அடி சாலையில் ஒரு கிலோமீட்டர் நடப்பதைவிட உள்ளே ஒன்றேகால் கிலோமீட்டர் நடப்பது சுலபம். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய் உங்கள் வழியைக் கண்டுபிடியுங்கள். எந்தத் தெருவில் மர நிழல், எங்கே நாய்கள், எங்கே மழைநீர் தேங்கும் என்பதையெல்லாம் பிள்ளைகள் நம்மைவிட வேகமாகக் கவனிப்பார்கள்.

சைக்கிள் வாங்குவதாக இருந்தால் கியர் வண்டிக்கு ஆசைப்படாதீர்கள். சென்னை தட்டையான ஊர். கேரியர், முன்கூடை, மட்கார்டு, செயின் கவர், ஸ்டாண்ட், மணி, முன்னும் பின்னும் விளக்கு, இவ்வளவும் உள்ள சாதாரண சைக்கிள்தான் வீட்டு வேலைக்கு ஆகும். செயின் கவர் இல்லாத வண்டியில் சேலையோ சுடிதாரோ அணிந்து போக முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காற்றடியுங்கள். காற்றுக் குறைந்த டயரில் மிதிப்பதுதான் பலருக்கு "சைக்கிள் ரொம்பக் கஷ்டம்" என்ற எண்ணத்தைத் தருகிறது. பக்கத்துப் பஞ்சர் கடைக்காரரோடு பழகிக்கொள்ளுங்கள், பிரேக் கட்டை தேய்ந்ததை அவர்தான் முதலில் பார்ப்பார்.

காலை பள்ளி

இதுதான் பல வீடுகளில் காரின் முதல் வேலை, நிறுத்துவதற்குக் கடினமானதும் இதுதான். பள்ளி வாசலில் நிற்கும் கார் வரிசையைப் பார்த்து, சாலை ஆபத்து என்று பயந்து நாமும் காரில் கொண்டுபோய் விடுகிறோம். அந்த ஆபத்தில் நம் காரும் ஒன்று.

நாங்கள் செய்தது இது. அடுக்ககத்தில் அதே பள்ளிக்குப் போகும் வேறு மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். ஐந்து பிள்ளைகளும் ஒன்றாக நடக்க, ஒரு பெரியவர் கூடப் போவது என்று முறை வைத்தோம். ஒவ்வொரு வீட்டுக்கும் வாரத்தில் ஒரு நாள் அல்லது இரண்டு நாள். தொடங்கும் முன் பெற்றோர் கூடி மூன்று விஷயங்களை முடிவு செய்துகொள்ளுங்கள். புறப்படும் நேரம் 7.40 என்றால் 7.40, யாருக்கும் காத்திருப்பதில்லை. சாலையைக் கடக்கும் இடம் ஒன்றே ஒன்று, அங்கே எல்லாரும் கை கோத்துக்கொள்ள வேண்டும். கனமழை என்றால் 7 மணிக்குள் குழுவில் செய்தி, அன்றைக்கு ஆட்டோ. முதல் வாரம் இரண்டு பெரியவர்கள் போவது நல்லது.

பள்ளி தூரமாக இருந்தால் பள்ளிப் பேருந்தையோ வேனையோ பாருங்கள். வேனில் எத்தனை பிள்ளைகளை ஏற்றுகிறார்கள் என்பதை நேரில் எண்ணிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசுப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் உண்டு. எட்டாவது, ஒன்பதாவது வந்த பிள்ளைகளைப் பேருந்தில் பழக்கலாம். இரண்டு சனிக்கிழமை கூடவே போங்கள், மூன்றாவது சனிக்கிழமை நீங்கள் பின் படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டு பிள்ளையே டிக்கெட் எடுத்து, நிறுத்தம் பார்த்து இறங்கட்டும். என் மகள் இப்போது தனியாகப் போகிறாள். எங்களைக் கேட்காமலே தோழி வீட்டுக்கு எந்தப் பேருந்து என்று தெரிந்துவைத்திருக்கிறாள்.

அலுவலகம்: இரண்டு வழி வேண்டும்

பேருந்தில் போய்ப் பார்க்கிறேன் என்று திங்கள்கிழமை காலை கிளம்பினால் அன்றே வெறுத்துவிடும். சனிக்கிழமை, அவசரமில்லாத நேரத்தில் ஒரு ஒத்திகை பாருங்கள். வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல் வரை நிமிடம் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் வண்டி ஓடும் நேரம் பெரிதாக இருக்காது, இரண்டு முனையிலும் நடப்பதும் காத்திருப்பதும்தான் நேரத்தைத் தின்னும். அங்கே ஒரு சைக்கிளோ ஷேர் ஆட்டோவோ சேர்த்தால் கணக்கு மாறிவிடும்.

வேளச்சேரிக்காரர்களுக்குப் பறக்கும் ரயில் இருக்கிறது. திருவான்மியூர், கோட்டூர்புரம், மந்தைவெளி, திருமயிலை, சேப்பாக்கம் என்று நகரத்தின் உள்ளே கொண்டுபோய் விடுகிறது. சென்னைப் புறநகர் ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் இன்னும் 5 ரூபாய்தான், சீசன் டிக்கெட் எடுத்தால் இன்னும் குறைவு. கிண்டிக்கு ஒரு பேருந்து பிடித்தால் தாம்பரம் பக்கம் மின்சார ரயில், விமான நிலையம் அல்லது சென்ட்ரல் பக்கம் மெட்ரோ இரண்டும் கிடைக்கும். மெட்ரோவில் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. 2025 ஏப்ரல் முதல் கடற்கரை, தாம்பரம், செங்கல்பட்டு வழியில் ஏசி மின்சார ரயிலும் ஓடுகிறது. டிக்கெட்டுக்காக ஒவ்வோர் இடத்திலும் வரிசையில் நிற்க வேண்டாம். 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியில் பேருந்து, ரயில், மெட்ரோ மூன்றுக்கும் எடுக்கலாம்.

பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பயணம் இலவசம். முன்பக்கத்தில் பிங்க் நிறம் பூசியிருப்பது அதற்காகத்தான். மற்றவர்களுக்கு, தினமும் இரண்டு பேருந்து மாறுவதாக இருந்தால், மாநகரப் பேருந்தின் 1,000 ரூபாய் மாதப் பாஸ் பெரும்பாலும் லாபம். உங்கள் வழியில் ஒரு நாள் டிக்கெட் செலவை 22 ஆல் பெருக்கிப் பார்த்து முடிவெடுங்கள்.

முக்கியமான விஷயம், எப்போதும் இரண்டு வழி கைவசம் இருக்க வேண்டும். ரயில் நின்றுபோனால் எந்தப் பேருந்து, பேருந்து வராவிட்டால் எங்கே ஷேர் ஆட்டோ நிற்கும் என்று தெரிந்திருந்தால் பதற்றம் இருக்காது. பையில் ஒரு மடக்குக் குடை, அலுவலக மேசையில் ஒரு மாற்றுச் சட்டை. வாரம் ஐந்து நாளும் வேண்டாம். முதல் மாதம் செவ்வாயும் வியாழனும் மட்டும் போங்கள். வீட்டுக்காரர் அப்படித்தான் தொடங்கினார். மூன்றாவது மாதத்தில் அவரே நான்கு நாள் ஆக்கிக்கொண்டார். நெரிசலில் கிளட்ச் மிதித்து மிதித்து வரும் இடதுகால் வலி போய்விட்டது என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

பெரியவர்கள், நோய், இரவு

இந்த இடத்தில் பிடிவாதம் கூடாது. முட்டிவலிக்காரரைப் பறக்கும் ரயில் நிலையத்தின் உயரமான படிக்கட்டில் ஏற்றி நாம் எதையும் சாதிக்கப் போவதில்லை. காய்ச்சல் குழந்தைக்குக் கார்தான். இரவு பத்து மணிக்கு மேல் தனியாக வரும் பெண்ணுக்கு எது பாதுகாப்போ அதுதான்.

இதற்காக ஆட்டோ உண்டியல் ஒன்று வையுங்கள். காரைக் குறைத்ததால் மிச்சமாகும் பெட்ரோல் பணத்தில் மாதம் 1,500 ரூபாயை எடுத்து ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள். அது ஆட்டோவுக்கும் கால் டாக்சிக்கும் மட்டுமே. இந்த டப்பா வருவதற்கு முன் அத்தை ஆட்டோவுக்கு 120 ரூபாய் கொடுக்க மனம் வராமல், "வேண்டாம்மா, அவன் வந்ததும் கார்ல போய்க்கறேன்" என்று மருத்துவரைப் பார்ப்பதையே தள்ளிப்போடுவார். 12,000 ரூபாய் கார்க் கணக்கைப் பார்த்த பிறகும் 120 ரூபாய் கண்ணை உறுத்தும், ஏனென்றால் இது கையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பணம். டப்பாவில் இருப்பது ஏற்கெனவே செலவான பணம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டுவிட்டால் அந்தத் தயக்கம் போய்விடும். இப்போது அத்தை தண்டீஸ்வரர் கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் போய்வருகிறார். சென்னையில் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவசப் பயண டோக்கன் உண்டு. வீட்டில் தாத்தா இருந்தால் வாங்கிக்கொடுங்கள்.

ஊருக்குப் போவது

நீண்ட பயணத்துக்குக் கார்தான் வசதி என்று எல்லாரும் சொல்வார்கள். நான்கைந்து பேர் போனால் செலவுக் கணக்கும் காருக்குச் சாதகமாகத்தான் தெரியும். எட்டு மணி நேரம் ஒருவரே ஓட்டும் களைப்பை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது. பொங்கல், தீபாவளிக்கு அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துவைத்து காலை எட்டு மணிக்கே உட்கார வேண்டும். மதுரைப் பக்கம் போகிறவர்களுக்குப் பகலில் வைகை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. தென்மாவட்டப் பேருந்துகள் இப்போது கிளாம்பாக்கத்திலிருந்து. ஊரில் இறங்கியபின் சுற்றுவதற்கு ஒரு நாள் மட்டும் வாடகைக் கார் எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு ஆட்டோவில் போய் இறங்கினால் "கார் என்னாச்சு?" என்று நாலு பேர் கேட்பார்கள். வீட்டில் நிம்மதியாக நிற்கிறது என்று சொல்லலாம்.

அப்புறம்தான் மின்வண்டி

ஆறு மாதம் கழித்து நோட்டை மறுபடி இரண்டு வாரம் எழுதுங்கள். எஞ்சியிருக்கும் பயணங்களைப் பார்த்தால் உங்களுக்கு என்ன வண்டி வேண்டும் என்று தெரியும். எங்களுக்கு எஞ்சியது மூன்று முதல் எட்டு கிலோமீட்டர் வரையுள்ள, ஒருவரோ இருவரோ போகும் பயணங்கள். அதற்கு மின் ஸ்கூட்டர் போதுமானதாக இருந்தது.

மின்வண்டி என்றாலே புகையில்லை என்று நினைக்கக் கூடாது. நம் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது, இந்திய அளவில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக ஏறக்குறைய 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஒரு யூனிட்டில் மின் ஸ்கூட்டர் சுமார் 30 கிலோமீட்டர் ஓடும். அதே 30 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் ஸ்கூட்டர் ஒன்றரை கிலோவும், லிட்டருக்கு 14 கிலோமீட்டர் தரும் கார் கிட்டத்தட்ட 5 கிலோவும் வெளியேற்றும். 5 கிலோ எங்கே, 0.7 கிலோ எங்கே! இந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு சின்ன வண்டிக்கு மாறியதால் வருவது. அதனால்தான் பெரிய மின்காரைக் கடைசியில் யோசியுங்கள் என்கிறேன்.

சார்ஜ் போடுவதற்கு வண்டிக்குப் பொருத்தமான பிளக்கும் சரியான எர்த்தும் அவசியம், எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அடுக்ககத்தில் உங்கள் மீட்டரிலிருந்து தனி ஒயர் இழுக்க சங்கத்தின் ஒப்புதல் வேண்டும். வண்டி வாங்குவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். மின்கட்டணத்தில் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால், கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுகளுக்கும் கட்டணம் கூடிவிடும். ஏற்கெனவே 480ல் நிற்கும் வீட்டில் ஸ்கூட்டர் சார்ஜ் அந்தக் கோட்டைத் தாண்டவைக்கும். பழைய மின்விசிறிகளை, குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி விசிறியாக மாற்றினாலே ஸ்கூட்டருக்கு வேண்டிய யூனிட் கிடைத்துவிடும். வெயிலில் ஓட்டி வந்த உடனே சார்ஜில் போடாமல் அரைமணி ஆறவிடுங்கள்.

நிற்கும் காரை என்ன செய்வது

விற்பதா வைத்துக்கொள்வதா என்று ஒரு வருடம் கழித்து முடிவு செய்யலாம். இரண்டு கார் உள்ள வீடு என்றால் ஒன்றை விற்றுவிடுங்கள், யோசிக்க ஒன்றுமில்லை. ஒரே கார் என்றால், அது நிற்கும்போது சில பராமரிப்பு வேண்டும். பத்து நாளுக்கு ஒருமுறை இருபது நிமிடமாவது ஓட்டாவிட்டால் பேட்டரி இறங்கத் தொடங்கும். அந்த ஓட்டத்தை வீணாக்காமல், தள்ளிவைத்திருக்கும் கனமான வேலைகளை அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எலிகள் ஒயரைக் கடிக்கும், பானெட்டைத் திறந்து பாருங்கள். குறைவாக ஓட்டுபவர்களுக்குக் கிலோமீட்டரைப் பொறுத்துக் கட்டணம் குறையும் காப்பீடு இருக்கிறது, புதுப்பிக்கும்போது கேளுங்கள்.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். 2015லும் 2023லும் தண்ணீரில் மூழ்கிய கார்களைக் கண்டவர்கள் நாங்கள், அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. வானிலை இப்படி மாறுவதில் நாம் எரிக்கும் பெட்ரோலுக்கும் பங்கு இருக்கிறது என்று அந்தப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. நடக்கத் தொடங்கிய பிறகு நடைபாதையின் ஒவ்வொரு குழியும் நமக்குத் தெரியும். உடைந்த மூடி, எரியாத தெருவிளக்கு, நடைபாதையில் நிறுத்திய வண்டி, எதுவானாலும் மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்யுங்கள். இடத்தைச் சொல்லும்போது பக்கத்துக் கடை, வீட்டு எண் என்று அடையாளம் சொல்லுங்கள். புகார் எண்ணை அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு எழுதிவையுங்கள். ஒரு வாரத்தில் சரியாகாவிட்டால் அந்த எண்ணைச் சொல்லி மறுபடி அழையுங்கள். எங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்போது ஏழு எண்கள் இருக்கின்றன. நான்கை மகன் கோடு போட்டு அடித்துவிட்டான், மூன்றுக்கு இன்னும் அழைத்துக்கொண்டிருக்கிறோம்.